புஷ்பகாந்தனின் மலை

புஷ்பகாந்தன் என்னோடு பேசி
எழுபத்தோரு நாளாகிறது.
எண்ணுவது நான்தான்.
உள்ளே சின்ன பெட்டரி செத்துப்போய்
அவனுடைய கொம்பியூட்டரில் தினமும்
இரண்டாயிரத்து மூன்று, ஜனவரி ஒன்று.

பொகவந்தலாவை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
மாலுபான் மணக்கும் படிகளில் ஏறினால்
அவனது கொமினிகேஷன்.
போட்டோ கொப்பி, லெமினேட்டிங்,
கட்டார் வேலைக்கு விண்ணப்பம்,
மரண அறிவித்தல் இரண்டு மொழியிலும்.
எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி,
ஓரமெல்லாம் பழுத்த வெள்ளைப் பெட்டி,
அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி.
செய்த கொம்பனியே கைகழுவி
பத்து வருஷம் தாண்டிவிட்டது.
இவன் கழுவவில்லை.

நான் லினக்ஸ்காரன்.
ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பெங்குவின்,
மழையில் பாதி உரிந்தது.
கோயில் சண்டைக்குக்கூட நான் போனதில்லை.
பெங்குவினுக்காக
மச்சானின் கல்யாணப் பந்தியில்
இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன்.

மூன்றாமவன் சகாயநாதன்.
டெல் லெப்டொப்பின் முதுகில் ஆப்பிள் ஸ்டிக்கர்,
அடியில் பழைய பெயர் புடைத்துத் தெரியும்.
யாரோ வாங்கிய ஐபோனின் வெற்றுப் பெட்டி
அவன் வீட்டு ஷோகேஸில்,
மாதாவுக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
வைரஸ் யாருக்கு வராது
யாருடையது முதலில் விழிக்கும் என்று
பிளேன்டீ ஆறிப்போகும் வரை கத்துவோம்.
மேற்பிரிவுக் கொழுந்தா கீழ்ப்பிரிவுக் கொழுந்தா என்று
எங்கள் அப்பாமார் மண்டையை உடைத்துக்கொண்டதும்
இப்படித்தான்.
இரண்டும் ஒரே ஃபெக்டரியில்தான் அரைபட்டது.

வைகாசி மழையில் ஒரு சனி இரவு
அவன் பெட்டி திக்திக் என்று அடித்து நின்றது.
"ஃபைலை மட்டும் எடுத்துத் தா" என்றான்.
எடுத்தேன்.
எடுத்த கையோடு லினக்ஸையும் ஏற்றினேன்.
அதற்கு எக்ஸ்பி வேஷம் கட்டினேன்:
நீலப் பட்டை, பச்சைப் பொத்தான்,
பின்னால் அதே புல்மலை, அதே வானம்.
விடியும்போது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவன் வந்தான். பொத்தானை அமுக்கினான்.
கடை திறக்கும்போது ஒலிக்கும் அந்த இசைக்காகக்
கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.
அது வரவில்லை.

"இது அந்த மலை இல்ல."

அதே படம்தான்டா.

"மேகத்த இழுத்திருக்க."

பிறகு என்னைப் பார்க்காமல், திரையிடம்:
"இருபது வருஷமா பார்க்கிறேன்.
அதுல ஒரு தேயிலச் செடி இல்ல. அட்ட இல்ல.
விடியக்கால பிரட்டு இல்ல.
யாரும் யாரையும் ஏறச் சொல்லல.
எங்கயாவது துரை பங்களா இருக்கான்னு
பெருசாக்கியும் பார்த்துட்டேன்.
இல்ல."

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு
ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டான்.
கீறல் விழுந்த ஒரு சீடியால்
யாரோ ஒரு பையன்
அவனுக்கு அவன் மலையைத் திருப்பிக் கொடுத்தான்.

நான் சும்மா இருப்பவனா?
தோற்றவனின் வெறியோடு தேடினேன்.
கிடைத்தது.
அது நிஜ மலையாம், அமெரிக்காவில்.
திராட்சைத் தோட்டமாம்.
பூச்சி விழுந்து கொடிகளைப் பிடுங்கியபின்
புல் முளைத்துக் கிடந்த காலத்தில் எடுத்த படமாம்.
இப்போது மறுபடி நட்டுவிட்டார்கள்,
வரிசை வரிசையாக.

கோப்பி செத்துத் தேயிலை வந்த இடைவெளியில்
எங்கள் மலைக்கும்
ஒரு பச்சை வருஷம் வாய்த்திருக்குமோ?
படமெடுக்க ஆளில்லை.

இதைச் சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன்.
இருபது வருஷச் சண்டை
ஒரே வசனத்தில் முடியும்.
சகாயநாதனிடமும் சொல்லவில்லை.
அவன் வாய் நிற்காது.

எட்டு மணி. மாடியிலிருந்து
அந்த இசை படியிறங்கி வருகிறது.
இரண்டு மாலுபான் வாங்கிக்கொண்டு
கீழ்ப்படியில் நிற்கிறேன், பேப்பர் பையில் எண்ணெய் ஊறுகிறது.

ஆனாலும் சொல்கிறேன்,
எக்ஸ்பி ஒரு குப்பை.